ஓய்வுக்காலத்துக்கு அகவிலைப்படி யார் தருவார்?

புது தில்லி: நாடாளுமன்றத்துக்கு அருகிலுள்ள ஜந்தர் மந்தர் பகுதியில் கடந்த சில ஆண்டுகளில் முதியவர்களின் ஆர்ப்பாட்டம் பலமுறை நடைபெற்றுள்ளது. ஆலைகளிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் கூட்டுறவு நிறுவனங்களிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் அவர்கள். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-ன் கீழ் தரப்படும் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை மாதம் 7,500 ரூபாயாக உயர்த்த வேண்டும்; அத்துடன் அகவிலைப்படியும் வழங்க வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை.

கோரிக்கையின் பிற்பகுதி, இன்று பணியில் இருப்போர் அனைவரும் கவனிக்க வேண்டிய ஒன்று.

தேயும் மதிப்பு: இத்திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 3,000 ரூபாயாக்க வேண்டும் என்று பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2013-ல் பரிந்துரைத்தது. ஆனால், 2014 செப்டம்பரில் 1,000 ரூபாயே நிர்ணயிக்கப்பட்டது. அடுத்த 10 ஆண்டுகளில் சில்லறை விலைகள் ஏறத்தாழ 60 சதவீதம் உயர்ந்தன. 2014-ல் சுமார் 600 ரூபாய்க்கு வாங்கிய பொருள்களைத்தான் 2024-ல் அந்த 1,000 ரூபாயால் வாங்க முடிந்தது.

நீண்ட காலம் பணியாற்றியோர் நிலையும் பெரிதும் மாறுபட்டதல்ல. ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதே கணக்கு. 2014-ல் நிர்ணயிக்கப்பட்ட 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி 30 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவருக்கு, 20 ஆண்டுகளைக் கடந்தோருக்கான 2 ஆண்டு சலுகையையும் சேர்த்து, மாதம் சுமார் 6,850 ரூபாய் கிடைக்கும். அதன் பின்னர் விலைவாசி எவ்வளவு உயர்ந்தாலும் அத்தொகை தானாக உயராது.

அரசு ஊழியர் பாடம்: மத்திய அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. பழைய திட்டத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கும் அதற்கேற்ப நிவாரணம் உண்டு. 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தோருக்கு (முப்படையினர் நீங்கலாக) வந்த தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இவ்வசதி இல்லை. அத்திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்புக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 ஆண்டுகள் பணியாற்றியோருக்குக் கடைசி 12 மாத சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதியும் அகவிலை நிவாரணமும் உறுதியளிக்கப்பட்டுள்ளன.

தனியார் ஊழியர்களுக்கும் சிறு கடை நடத்துவோருக்கும் இத்தகைய உறுதி எதுவும் இல்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2015-ல் தொடங்கப்பட்ட அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 வயது இளைஞர் மாதம் 210 ரூபாய் செலுத்தி வந்தால் 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்ந்தால், 42 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் அந்த 5,000 ரூபாயின் மதிப்பு, அவர் சேரும் நாளில் 650 ரூபாய்க்கு இருந்த மதிப்பாகவே இருக்கும். திட்டம் பயனற்றது என்பது இதன் பொருளன்று. சந்தாதாரருக்குப் பின் வாழ்க்கைத் துணைக்கும் அதே ஓய்வூதியம் தொடரும். எனினும், அதை மட்டுமே நம்பியிருப்பது போதாது.

செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, வேலை மாறும்போதெல்லாம் வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவிடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். 8 சதவீத வட்டி நீடித்தால், 28 வயதில் தொடாமல் விட்ட ஒரு லட்சம் ரூபாய் 58 வயதில் 10 லட்சமாகியிருக்கும். விலைவாசி உயர்வைக் கழித்தாலும் இன்றைய மதிப்பில் 2 லட்சத்துக்கு மேல் தேறும். ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டு பணிக்காலம் தேவை என்பதால், பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வது இரட்டை நன்மை.

இரண்டாவதாக, ஓய்வுக்கு 15, 20 ஆண்டுகள் உள்ளவர்கள் சேமிப்பின் ஒரு பகுதியையாவது பங்கு சார்ந்த நிதிகளில் சிறுகச் சிறுக முதலீடு செய்வது பற்றி ஆலோசிக்கலாம். நீண்ட காலத்தில் விலைவாசியை விஞ்சும் வாய்ப்பு அதில் அதிகம். இழப்பு அபாயமும் அதிகம். 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட மும்பை பங்குச் சந்தைக் குறியீட்டெண், அதே ஆண்டு அக்டோபரில் 8,000-க்கும் கீழே இறங்கியது. அவ்வேளையில் ஓய்வு பெற்ற ஒருவரின் பணம் முழுவதும் அதில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆகவே வயது ஏற ஏறப் பங்கு முதலீட்டைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

மூன்றாவதாக, ஓய்வு பெற்ற பின் கிடைக்கும் வட்டி முழுவதையும் தொடக்கத்திலேயே செலவிடக் கூடாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அந்த விகிதத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மாதம் சுமார் 13,600 ரூபாய் வட்டி வரும். அதை அப்படியே செலவிட்டால் அசல் குறையாது. ஆனால் வருவாயும் உயராது. மாறாக, முதலாண்டில் மாதம் 10,000 ரூபாய் மட்டும் எடுத்து, மீதியைச் சேமித்து, ஆண்டுதோறும் எடுக்கும் தொகையை 5 சதவீதம் உயர்த்தி வந்தால், அதே வட்டி கிடைக்கும்வரை, பணம் 24, 25 ஆண்டுகள் தாங்கும். நமக்கு நாமே வழங்கிக்கொள்ளும் அகவிலைப்படி இது.

வட்டியும் மாறும்: இக்கணக்கிலும் எச்சரிக்கை தேவை. பொது வருங்கால வைப்பு நிதிக்கு 1999 இறுதி வரை 12 சதவீத வட்டி தரப்பட்டது. 2003 மார்ச்சில் அது 8 சதவீதமானது. 2020 ஏப்ரலில் 7.1 சதவீதமாகக் குறைந்தது. வட்டிக்கு வருமான வரி உண்டா என்பதையும் திட்டத்துக்குத் திட்டம் விசாரித்து அறிய வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தாளில் இரு பட்டியல்கள் எழுதிப் பார்க்கலாம். விலைவாசியோடு சேர்ந்து உயரும் வருவாய் ஒருபுறம். உயராத வருவாய் மறுபுறம். முதல் பட்டியல் வெறுமையாக இருந்தால், அதை நிரப்பும் பணியை வேலையில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். ஜந்தர் மந்தரில் கூடும் முதியவர்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.