உதறும் ஹேண்டில்: இறுக்கினால் தீராது

மலைப்பாதையில் இரு சக்கரம் – 9

குன்னூரிலிருந்து இறங்குகிற பைக்குக்கு பர்லியாறு தாண்டிக் கல்லாறு வரும்வரை வேகம் எடுக்க இடமே கிடையாது. 14 கொண்டை ஊசி வளைவுகள், எதிரே பஸ்ஸும் லாரியும், மாற்றி மாற்றி இரண்டாவது மூன்றாவது கியர். கல்லாறு வந்ததும் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாலை நேராகிறது. வண்டி ஐம்பது, அறுபதைத் தொடுகிறது. பலருக்கு அங்கேதான் முதல்முறையாகத் தெரிகிறது: ஆக்ஸிலேட்டரைக் குறைத்துக் கையைச் சற்றே தளர்த்தினால் ஹேண்டில் இடமும் வலமுமாகப் படபடவென்று உதறுகிறது.

இந்தக் கோளாறை வளர்ப்பதும் மலைதான், மறைப்பதும் மலைதான். இறக்கம் முழுக்க முன் பிரேக்கில் சுமை ஏறுகிறது. எஸ்டேட் பாதையின் கல்லும் குழியும் முன்சக்கரத்தை அடிக்கின்றன. நடுவட்டம், கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழை ஊறுகிறது. இத்தனையும் சேர்ந்து முன்பக்கத்தைத் தேய்க்கின்றன. ஆனால் மலையில் ஓட்டும் வேகம் குறைவு என்பதால் அந்தத் தேய்மானம் கைக்குத் தெரிவதில்லை.

தெரிந்த பிறகு எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். பட்டறையில் வண்டியை நிறுத்தியதும், "அண்ணா, ஹேண்டில் உதறுது, கோனைக் கொஞ்சம் டைட் வெச்சுக் குடுங்க" என்பார்கள். கோன் என்பது ஹேண்டில் கழுத்துக்குள் மேலும் கீழும் இருக்கும் பேரிங். நல்ல மெக்கானிக்காக இருந்தால், "டைட் வெக்கறது ரெண்டு நிமிஷ வேல தம்பி. மொதல்ல சக்கரத்தத் தூக்கிப் பாத்துருவோம்" என்பார். அப்படிச் சொல்லும் மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள். கேட்ட உடனே ஸ்பேனரை எடுத்து இறுக்கிக் கொடுத்தால், அன்றைக்கு உதறல் நிற்கும். ஆனால் உதறலுக்கான காரணம் வண்டியிலேயே இருக்கும். கூடவே மலைக்குப் பொருந்தாத புதிய ஆபத்து ஒன்றும் சேர்ந்துவிடும். அது என்ன என்பதுதான் இந்த வாரம்.

உதறலும் நெளிவும்

சைக்கிளோ பைக்கோ ஓடும்போது விழாமல் நிற்பதற்கு முக்கியமான காரணம், வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலும் தானாகத் திரும்பிக் கொடுப்பது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் படித்த விப்பிள் என்பவர் 1899-லேயே சைக்கிள் நிலைத்து ஓடும் கணக்கைச் சமன்பாடுகளாக எழுதினார்.

ஹேண்டில் திரும்புகிற அச்சை ஒரு நேர்கோடாகத் தரைவரை நீட்டிப் பாருங்கள். டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சில அங்குலம் முன்னால் போய் அது விழும். அந்த இடைவெளியால்தான், சக்கரம் விலகினாலும் சாலை அதை மறுபடி நேராக இழுத்துக்கொள்கிறது. நேராக வந்த சக்கரம் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்ப வரும். சரியான வண்டியில் இந்த ஆட்டம் ஓரிரு தடவையில் அடங்கிவிடும். எங்கேயாவது தேய்மானமோ லூஸோ இருந்தால் அடங்காமல் வளரும். அதுதான் உதறல்.

1971-ல் ராபின் ஷார்ப் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் மோட்டார் சைக்கிளுக்கே உரிய கணக்கைப் போட்டு, இரண்டு விதமான ஆட்டத்தைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, முன்பக்கம் மட்டும் வேகமாக உதறுவது. விநாடிக்கு ஆறு முதல் பத்துத் தடவைவரை இருக்கும். மற்றொன்று, வண்டி முழுவதும் மெதுவாக நெளிவது. விநாடிக்கு இரண்டு முதல் நான்கு தடவை. ஹேண்டில் திரும்புவதைத் தடுக்கிற எந்த இறுக்கமும் முதல் ஆட்டத்தை அடக்கும். ஆனால் வேகத்தில் இரண்டாவது ஆட்டத்தை அது மோசமாக்கக்கூடும். ஹேண்டிலைத் தானாகத் திரும்ப விடாத வண்டி மெதுவான ஓட்டத்திலும் தடுமாறும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் நமக்குத் தேவைப்படுவது அந்த மெதுவான ஓட்டம்தான். அங்கே கோன் இறுகிய வண்டி திரும்ப மறுத்து எதிர்ப்பக்கத்துக்கு ஒதுங்கும். கல்லாறில் உதறும் வண்டியை விட இது கொடியது.

எப்போது உதறுகிறது?

மெக்கானிக்கிடம் போகுமுன் இந்தக் கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

வேகம் குறைந்து வரும்போது நாற்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் மட்டும் உதறினால், முதலில் டயரையும் சக்கரத்தையும் சந்தேகியுங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க் பெண்டாகியிருக்கும், அல்லது டிரம் ஓவலாகியிருக்கும். முன் பிரேக்கைப் பிடித்து விடும்போது 'டொக்' என்று கையில் அடித்தால் கோன் லூஸ், அல்லது ஃபோர்க் புஷ் தேய்வு. மெதுவாகப் போகும்போது நேராகப் போகாமல் வண்டி அலைந்தால் கோன் இறுக்கம், அல்லது பள்ளம் விழுந்த கோன். வேகத்தில் பின்பக்கமும் சேர்ந்து நெளிந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ், பின்சக்கரத்தின் நேர், சுமை ஆகியவற்றைப் பாருங்கள்.

டயரில் தொடங்குங்கள்

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவதுதான் முறை. காலையில் வண்டியை எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். மலையேறினால் காற்றைக் கூட்ட வேண்டும் என்பார் ஒருவர், குறைக்க வேண்டும் என்பார் இன்னொருவர். கணக்குப் போட்டால் இரண்டுமே தேவையில்லை. 330 மீட்டர் உயரமுள்ள மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் 25 பி.எஸ்.ஐ. பிடித்த டயர், 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியின் 10 டிகிரி குளிருக்கு வந்தால், குளிரால் சுமார் 3 பி.எஸ்.ஐ. குறையும். அதே நேரம் ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் மேட்டுப்பாளையத்தை விடச் சுமார் 3 பி.எஸ்.ஐ. குறைவு. அதனால் கேஜில் அந்த அளவு கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. ஆகவே ஊட்டியில் காலையில் உங்கள் முன் டயர் 18 காட்டினால் மலைமேல் பழி போடாதீர்கள். வால்விலோ டியூபிலோ கசிவு இருக்கிறது.

அடுத்து டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை முன்னும் பின்னுமாக ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் சொரசொரப்பாகவும் இருந்தால் கட்டைகள் ஏறி இறங்கித் தேய்ந்திருக்கின்றன. இறக்கத்தில் விடாமல் முன் பிரேக் பிடிக்கும் மலை வண்டிகளில் இது சாதாரணம். நாற்பது ஐம்பது வேகத்தில் வரும் உதறலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். பட்டன் மிச்சமிருந்தாலும் ரப்பர் விறைத்துப்போன டயரை மாற்றிவிடுங்கள்.

பஞ்சர் ஒட்டிய பிறகு உதறல் தொடங்கியதா? ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். சுற்றிலும் அது ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை.

சக்கரம்

டபுள் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கம் ஒருவரை உட்கார வைத்தால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஃபோர்க்கில் ஒரு பென்சிலைக் கட்டி, அதன் முனையை ரிம்முக்கு மிக அருகில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி 2 மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் பெண்டு எடுக்க வேண்டும். ஸ்போக் சக்கரமானால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்குரூ டிரைவரால் தட்டிக் கேளுங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், லூஸான கம்பி மந்தமாகச் சத்தமிடும்.

டயரின் மேலும் கீழும் பிடித்து எதிரெதிராக அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் போய்விட்டது. சக்கரத்தைப் பல தடவை மெதுவாகச் சுழற்றி விடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம் கீழே வந்து நின்றால் அங்கே எடை அதிகம். பேலன்ஸ் செய்தால் சரியாகும்.

கோன் செட்

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் கோனுக்கு வாருங்கள். முன்சக்கரம் தூக்கிய நிலையில் இரண்டு ஃபோர்க்கின் அடிப்பகுதியையும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் கோன் லூஸ். பிறகு ஹேண்டிலை நடுவில் வைத்து, ஒரு விரலால் மெல்லத் தட்டுங்கள். தன் எடையிலேயே அது ஒரு பக்கமாகச் சாய்ந்து லாக்வரை போக வேண்டும். பாதியில் நின்றால் இறுக்கம் அதிகம். கேபிள்கள் இழுக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஹேண்டிலை மிக மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். சரியாக நடுவில் வரும்போது ஒரு படியில் விழுவதுபோல 'கிளிக்' என்று உட்கார்ந்தால் கோன் செட் முடிந்துவிட்டது. அதை இறுக்கிப் பயனில்லை.

அப்படிப்பட்ட ஒரு கோன் செட்டைக் கழற்றும்போது கூடவே நின்று பாருங்கள். மேல் கப்பில் காய்ந்துபோன கிரீஸ் ஒட்டியிருக்கும். கீழ்க் கப்பில் கிரீஸே இருக்காது, செம்பழுப்பாகத் துரு தண்ணீர் நிற்கும். மண்ணெண்ணெய் துணியால் துடைத்தால், பால்கள் ஓடும் வளையத்தில் பல்லாங்குழிப் பலகைபோல வரிசையாகக் குழிகள் தெரியும். வண்டி பெரும்பாலும் நேராகவே போவதால், பால்கள் அதே இடங்களில் அடி வாங்கி வாங்கி அந்தக் குழிகளை உண்டாக்குகின்றன. கிரீஸ் போன பிறகு இது வேகமாக நடக்கும். லூஸான கோனில் அடி பலமாக விழும். அளவுக்கு மேல் இறுக்கிய கோனில் பால் வளையத்தையே அழுத்தும். இரண்டு வழியிலும் முடிவு ஒன்றுதான்.

மாற்றும்போது மேல், கீழ் இரண்டு செட்டையும் சேர்த்து மாற்றுங்கள். பால்களை மட்டும் புதிதாகப் போட்டுக் குழி விழுந்த கப்பை விட்டுவைப்பது வீண் வேலை. புதிய கப் கடைசிவரை இறங்கி நேராக உட்கார வேண்டும். சாய்வாக அடித்து இறக்கினால் அடுத்த மாதமே லூஸாகும். தண்ணீர் தாங்கும் கிரீஸைத் தாராளமாக வைத்து, நட்டை முதலில் இறுக்கி, ஹேண்டிலை லாக்குக்கு லாக் பல தடவை திருப்பி, பிறகு தளர்த்தி, கம்பெனி மேனுவலில் சொன்ன அளவுக்கு வையுங்கள். ஆட்டமும் இருக்கக் கூடாது, பிடிப்பும் இருக்கக் கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கப்கள் படிந்து லேசாகத் தளரும். அப்போது மறுபடி பார்ப்பது அவசியம். வாட்டர் சர்வீஸ் கொடுக்கும்போது ஹேண்டில் கழுத்தில் நேராகப் பீய்ச்ச விடாதீர்கள்.

ஃபோர்க், பின்பக்கம், சுமை

வண்டி எப்போதாவது விழுந்திருந்தால் எதிரே நின்று ஃபோர்க்குகளைப் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் கிளாம்பில் முறுக்கிக்கொண்டிருக்கும். அச்சையும் கிளாம்ப் போல்ட்டுகளையும் தளர்த்தி நேராக்கி இறுக்கினால் பல நேரம் சரியாகும். குழாயே வளைந்திருந்தால் மாற்றுவதுதான் பாதுகாப்பு. ஆயில் சீல் கசிந்தால் இரண்டையும் மாற்றி, இரு பக்கமும் ஒரே அளவு ஆயில் ஊற்றச் சொல்லுங்கள்.

செயின் இறுக்கும்போது இரு பக்கக் குறியும் ஒன்றாக இல்லாவிட்டால் பின்சக்கரம் கோணலாக ஓடும். நூல் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் அசைத்து, புஷ் ஆட்டத்தையும் பாருங்கள்.

கோளாறே இல்லாத வண்டியையும் சுமை உதற வைக்கும். கேரட் மூட்டையோ, கேஸ் சிலிண்டரோ, சுற்றுலா வருபவர் கட்டும் பெட்டியோ, பின் அச்சுக்கும் பின்னால் உயரமாக ஏறினால் முன்சக்கரத்தின் எடை குறைகிறது. ஏற்றத்தில் இன்னும் குறையும். எடையைத் தாழ்வாக, சீட்டுக்கு நெருக்கமாகக் கட்டுங்கள்.

ஓடும்போது உதறினால்

ஹேண்டிலோடு மல்லுக்கு நிற்காதீர்கள். முன் பிரேக்கை அழுத்தாதீர்கள். அது முன்பக்கச் சுமையைக் கூட்டி உதறலை வளர்க்கும். முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்து, உடலைச் சற்று முன்னே சாய்த்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் குறையுங்கள். வேகம் இறங்கினால் உதறல் அடங்கும். கோளாறைச் சோதிப்பதற்காக ஓடும் வண்டியில் இரு கையையும் விடுவது ஒருபோதும் வேண்டாம். சோதனை எல்லாவற்றையும் ஸ்டாண்டிலேயே செய்யலாம்.

மலையில் ஓட்டும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடத்தில் இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், முன்சக்கரத்தைத் தூக்கி இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். மெக்கானிக்கிடம் "டைட் வையுங்கள்" என்று கேட்காமல், "ஏன் உதறுகிறது என்று பாருங்கள்" என்று கேளுங்கள். கோனையே மாற்ற வேண்டி வந்தாலும், பெரும்பாலான கம்யூட்டர் பைக்குகளுக்குக் கோன் செட்டின் விலை சில நூறு ரூபாய்தான்.

அடுத்த வாரம்: இறக்கத்தில் சூடாகும் பிரேக்.

(தொடரும்)