பழைய மாயாவியின் வயதை அறிவது எப்படி?

சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் இருபது கிலோமீட்டர். இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ராஜபாளையம். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இரண்டுக்கும் சிவகாசிதான் தாய்வீடு. அப்படிப் பார்த்தால் இரும்புக்கை மாயாவி சாகசம் செய்த 1970-களின் முத்து காமிக்ஸ் இந்த இரண்டு ஊர்ப் பரணிலும் கட்டுக்கட்டாகக் கிடக்க வேண்டும். தேடிப் பாருங்கள், ஒன்று அகப்படுவதே பெரும்பாடு.

படித்துக் கிழிந்தது பாதி, எடைக்குப் போனது பாதி. எங்கள் பக்கத்தில் பழைய பேப்பர் கடைக்குப் போகிற தாளுக்கு இரண்டு கதி உண்டு. சாத்தூர் சேவுக்குப் பொட்டலமாகலாம். இல்லையென்றால் சிவகாசிக்கே திரும்பிப் போய்ப் பட்டாசுக் குழாயாகச் சுருட்டப்படலாம். தீபாவளிக்கு மறுநாள் தெருக்குப்பையைக் குனிந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அதில் செய்தித்தாளும் இருக்கும், யாரோ எழுதிய கணக்கு நோட்டும் இருக்கும். சிவகாசியில் அச்சான மாயாவிகளில் எத்தனை பேர் சிவகாசியிலேயே வெடித்துப் போனார்களோ!

இந்த அழிவுக்குத் தப்பியதைத்தான் சேகரிப்பாளர்கள் ஆண்டு முழுக்கத் தேடுகிறார்கள். டிசம்பர் வந்ததும், இந்த வருஷம் யாருக்கு என்ன சிக்கியது என்று ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொள்வார்கள். ஒருவருக்கு வேதாளன் வரும் தமிழ் இந்திரஜால் காமிக்ஸ் கிடைத்திருக்கும். இன்னொருவருக்கு ராணி காமிக்ஸின் முதல் இதழான ‘அழகியைத் தேடி’. மூன்றாமவருக்கு லயனின் முதல் இதழ், ‘கத்தி முனையில் மாடஸ்டி’. கடைசி இரண்டும் வெளிவந்தது ஒரே மாதம், 1984 ஜூலை. சிறுவர்களின் சேமிப்பு உண்டியல்கள் அந்த மாதம் என்ன பாடு பட்டிருக்கும்!

எல்லோரும் ஆசைப்படுவது மட்டும் 1972 ஜனவரியில் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ், ‘இரும்புக்கை மாயாவி’. மூலக்கதை 1962-இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கியது. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வகத்தில் கையை இழந்த லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிய உலாவுவார். இந்தக் கதை தமிழில் பின்னாளில் மறுபதிப்பும் கண்டது. ஆகவே யாராவது ‘ஒரிஜினல் மாயாவி’ என்று நீட்டினால் முதல் கேள்வி விலை அல்ல, வயது.

வயதைப் புத்தகமே சொல்லும். முதலில் அட்டையை விட்டுவிட்டு வெளியீட்டாளர் முகவரியைப் பாருங்கள். இந்தியாவில் பின்கோடு அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15. முத்து காமிக்ஸ் அதற்கு ஏழு மாதம் மூத்தது. 1972-இன் தொடக்கத்தில் வந்ததாகச் சொல்லப்படும் இதழில் 626123 என்று அச்சாகியிருந்தால், புத்தகத்தை மரியாதையாக மூடித் திருப்பிக் கொடுத்துவிடலாம். மாவட்டப் பெயரும் அப்படித்தான். சிவகாசி 1985 மார்ச் வரை இராமநாதபுரம் மாவட்டம். பிறகு காமராசர் மாவட்டம். 1997-இல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரெல்லாம் நீக்கப்பட்டபோது விருதுநகர் மாவட்டம். முகவரியில் மாவட்டம் இருந்தால், மூன்றில் எது என்று பார்த்ததுமே காலம் பிடிபட்டுவிடும்.

அடுத்து பலூனுக்குள் இருக்கும் எழுத்து. ணை, லை, ளை, னை ஆகியவற்றில் கொம்புக்குப் பதில் யானைத் தும்பிக்கை போல மேலே சுழி ஏறியிருந்தால் அது பழைய எழுத்துமுறை. ணா, றா, னா மூன்றும் காலை மடக்கிக் கீழே வளைந்திருக்கும். தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்த பிறகே இன்றைய வடிவங்கள் அச்சில் பரவின. இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஈய எழுத்துகளை ஒரே நாளில் தூக்கிப் போட எந்த அச்சகத்துக்கும் வசதி இல்லை; ஆணைக்குப் பின்னும் பழைய லை சில காலம் நடமாடியது. அதனால் பழைய எழுத்து இருப்பதை மட்டும் வைத்து வயதை உறுதி செய்ய முடியாது. புதிய எழுத்து இருந்தாலோ, அது 1972-இன் அச்சு இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

அட்டை கழன்று போன இதழுக்கு நகல் அட்டை போட்டு விற்பது இந்தத் தொழிலில் சகஜம். நகல் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் விற்பவரைப் பிடிக்கப் பூதக்கண்ணாடி போதும். ஆப்செட் அச்சில் மை தாளுக்குள் ஊறியிருக்கும். படத்தின் சாயல்கள் ஒழுங்கான புள்ளி வரிசைகளாகத் தெரியும். ஜெராக்ஸிலும் லேசர் பிரிண்டரிலும் மை என்பது சூட்டில் உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் பொடி. அது தாளின் மேலேயே நிற்கும், சாய்த்துப் பார்த்தால் மினுங்கும், கோடுகளைச் சுற்றி பொடி சிதறியிருக்கும். கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச் இன்னொரு துணை. இன்றைய வெள்ளைத் தாள்களில் வெளுப்பைக் கூட்டும் வேதிப்பொருள் சேர்ப்பதால் அவை அந்த ஒளியில் நீலமாகப் பளிச்சிடும். பழைய நியூஸ்பிரிண்ட் மங்கலாகவே கிடக்கும்.

அந்த நியூஸ்பிரிண்ட்தான் இந்தக் கதையின் வில்லன். மரத்தை இயந்திரத்தில் அரைத்துக் கூழாக்கிச் செய்கிற மலிவுத் தாள் அது. மரத்தில் செல்லுலோஸ் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை போன்ற பொருளுக்கு லிக்னின் என்று பெயர். உயர்ந்த தாளில் அதைப் பெருமளவு நீக்கிவிடுவார்கள். நியூஸ்பிரிண்டில் அப்படியே விட்டுவிடுவார்கள். ஒளியும் ஆக்சிஜனும் பட்டு லிக்னின் சிதையும்போது தாள் மஞ்சளாகிப் பழுப்பாகிறது. பழைய புத்தகத்தைத் திறந்ததும் வருகிற லேசான இனிப்பு வாசனையில் லிக்னினுக்கும் பங்குண்டு. அது சிதைந்தால் வனிலின் உண்டாகும், ஐஸ்கிரீமுக்கு மணம் தருகிற அதே பொருள். மூக்குக்கு இன்பமாக இருப்பது தாளுக்கு மரணம்.

மஞ்சளாவதைவிட மோசம் நொறுங்குவது. செல்லுலோஸ் என்பது நீண்ட சங்கிலி. தாளில் இருக்கும் அமிலம், காற்றின் ஈரத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்தச் சங்கிலியைக் கணு கணுவாக வெட்டுகிறது. சிதைவிலிருந்து மேலும் அமிலம் பிறக்கும், வெட்டு வேகமெடுக்கும். வெப்பம் கூடக்கூட இது விரையும். ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டுவீட்டுப் பரணில் கையை வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காற்று வந்து தாளை உப்ப வைக்கும், தையில் மறுபடி காயும். உப்பி, சுருங்கி, உப்பி இழைகள் தளர்ந்துபோகின்றன. நடுவில் அடித்த இரும்புப் பின் துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியிருக்கும் தாளையும் அரித்துப் பழுப்பு ஓட்டை போட்டுவிடும். பாதிப் பழைய இதழ்களில் நடுப்பக்கம் காணாமல் போவது இப்படித்தான்.

பருத்தியில் லிக்னின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பழந்துணிக் கூழில் செய்த தாள் நூற்றாண்டுகளைத் தாண்டி வெள்ளையாக நிற்பது அதனால்தான். நூல்மில்களின் ஊரான ராஜபாளையத்தில், பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி நெய்கிற வட்டாரத்தில், மாயாவி மரக்கூழில் மக்கிப்போனார். பஞ்சில் அச்சடித்திருந்தால் அந்த விலைக்கு எந்தப் பையனால் வாங்கியிருக்க முடியும்? மலிவாக இருந்ததால்தான் எங்கள் கைக்கே அது வந்தது.

காலநிலை எவ்வளவு தூரம் விளையாடும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் அருமையான சாட்சி உண்டு. கொலராடோ மாநிலத்தில் எட்கர் சர்ச் என்பவர் ஆயிரக்கணக்கான காமிக்ஸ்களை வாங்கி வீட்டில் அடுக்கி வைத்திருந்தார். 1977-இல் அவை வெளியே வந்தபோது முப்பது நாற்பது வயதான இதழ்கள் நேற்று அச்சானவை போல இருந்தன. உயரமான இடம், குளிர், வறண்ட காற்று, இருட்டு. வேறு மந்திரம் எதுவும் இல்லை. இப்படிப் பத்திரமாகத் தப்பியவற்றுக்கு அங்கே விலையும் எகிறும். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 1938-இன் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் அன்றைய விலை பத்து சென்ட். அதன் பிரதி ஒன்று 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அங்கே பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று போட்டு, கனத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இதழை முத்திரையிட்டு விற்கிறார்கள். அப்புறம் அதை யாரும் புரட்டிப் படிக்க முடியாது. காமிக்ஸுக்கு இதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தோன்றவில்லை.

நம் வீட்டில் கொலராடோ இல்லை. ஆனாலும் செய்யக்கூடியது உண்டு. பரணிலிருந்து இறக்கி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். கிழிந்ததற்கு செல்லோ டேப் ஒட்டவே கூடாது. அதன் பசை சில வருஷத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும், பிரித்தால் எழுத்தும் கூடவே வரும். உறை போடுவதென்றால் பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது. பழைய டைரி அட்டை போல மெத்தென்றிருக்கும் பிவிசி வேண்டாம், அதிலுள்ள மென்மையாக்கி கசிந்து மையைப் பிடித்துக்கொள்ளும். ராமபாணப் பூச்சிக்கு மாவுப்பசை என்றால் உயிர், ஆகவே பைண்டிங் செய்ததை அடிக்கடி பிரித்துப் பாருங்கள். பால்கோவா தின்ற கையோடு புரட்டாதீர்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாளின் நுண்துளைகளில் காற்று இருந்த இடத்தை நெய் நிரப்பிவிட்டால் அந்த இடம் கண்ணாடி போலாகி, அடுத்த பக்கத்து வில்லன் இந்தப் பக்கத்தில் எட்டிப் பார்ப்பான்.

இந்த ஆண்டு எங்கள் வட்டாரத்தில் கண்ணில் பட்டவற்றில் எனக்குப் பிடித்தது முதல் இதழ் எதுவும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர் ஒருவருக்குக் கிடைத்த பைண்டிங் தொகுப்பு அது. முத்துவும் லயனும் ராணியும் ஒன்றாகத் தைக்கப்பட்டு, ஓரம் வெட்டப்பட்டு, சில பலூன்களில் கடைசி எழுத்தே காணோம். உள்ளே ஏதோ வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை. நாள் வாடகை பென்சிலில், அடித்து அடித்துத் திருத்தி ஏற்றப்பட்டிருக்கிறது. சேகரிப்புச் சந்தையில் ஓரம் வெட்டியதற்கு மதிப்புக் கிடையாது. தையலைப் பிரித்து இதழ்களைத் தனித்தனியாக்கினால் ஒன்றிரண்டாவது நல்ல விலைக்குப் போகும் என்று ராஜபாளையத்து நண்பர் ஒருவர் வாதாடுகிறார். நான் பிரிக்க வேண்டாம் என்கிற கட்சி. அந்தக் கனத்த அட்டையும் தையலும் இருந்ததால்தான் எடைக்கடைக்காரர் அதைக் கிழித்துப் பொட்டலம் மடிக்காமல் விட்டிருக்கிறார். அதோடு, வாடகை எப்படி ஏறியது என்ற கணக்கு வேறெந்தப் பிரதியிலும் கிடைக்காது. தொகுப்பு இப்போதைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது; பிரிப்பதா வேண்டாமா என்பதை மழைக்காலம் முடிந்து, தாள் நன்றாகக் காய்ந்த பிறகு பேசிக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது.