காளானும் மனித மூளையும்

ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் கால்நடைச் சாணத்தில் முளைத்த போதைக் காளான்களே மனித மூளையின் வளர்ச்சியைத் தூண்டின என்று அமெரிக்கரான டெரன்ஸ் மெக்கென்னா 1992இல் வெளியான நூலில் வாதிட்டார். சிறிதளவு உண்டால் பார்வை கூர்மையாகி வேட்டை எளிதாகும்; கூடுதலாக உண்டால் மொழியும் சமய உணர்வும் மலரும் என்பது அவர் கணிப்பு. பார்வைக்கு அவர் சான்று காட்டிய ரோலண்ட் ஃபிஷரின் ஆய்வோ, இணைகோடுகள் பிறழ்வதைக் கண்டறியும் சோதனை மட்டுமே. அதிலிருந்து வேட்டைக்குத் தாவுவது மிகப் பெரிய தாவல்.

இக்காளானிலுள்ள சைலோசைபின் உடலில் சைலோசினாக மாறி, மூளையின் செரோட்டோனின் ஏற்பிகளைத் தூண்டுகிறது. காட்சிகளும் கால உணர்வும் திரிவது அதனால்தான். ஆனால் ஒருவர் பெற்ற அனுபவம் மரபணுவில் ஏறிப் பிள்ளைக்குப் போவதில்லை. ஆதிமனிதர் இக்காளானை உண்டதற்கு நேரடிச் சான்றும் கிடைக்கவில்லை. மூளை பெருத்ததற்கு இறைச்சி, சமைத்த உணவு, கூட்டு வாழ்க்கை ஆகியவற்றையே மானிடவியலாளர்கள் பெரிதும் காரணம் காட்டுகின்றனர்.