வாடகை குறைஞ்சா செலவு குறையுமா? வீடு, வேலை, பயணம்... சென்னை சொல்லும் கணக்கு!

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுபவர்கள் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்றுதான். அடுத்த கேள்வி, "பஸ் ஸ்டாப் பக்கமா?". சாதாரணமாகத் தெரிந்தாலும், அந்த வீட்டுக்குப் போனால் இப்போது பார்க்கிற வேலை நிலைக்குமா, நிலைக்காதா என்பதே இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

அரசில் வீட்டுவசதிக்கு ஒரு துறை, தொழிலுக்கு ஒரு துறை, போக்குவரத்துக்கு ஒரு துறை என்று தனித்தனியாக இருக்கின்றன. ஆனால், ஒரு குடும்பத்துக்கு இவை மூன்றும் ஒரே கணக்குதான். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் மாறிவிடும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் வந்தது ரயிலா, வேலையா?

1931-ல் சென்னை கடற்கரை - தாம்பரம் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பாரிமுனையில் வேலை பார்ப்பவர் பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ குடியிருக்க முடியும் என்ற நிலை உருவானது. தண்டவாளத்தை ஒட்டியே புறநகர் வளர்ந்தது. அதாவது, இங்கே பயண வசதி முதலில் வந்தது. வீடுகள் பின்னால் வந்தன.

பழைய மகாபலிபுரம் சாலையில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2000-ம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதன் பிறகு சிறுசேரி வரை ஐ.டி. நிறுவனங்கள் வந்தன. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் என்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் முளைத்தன. ஆனால், ரயில் வரவில்லை. பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரியோடு நின்றுவிட்டது. கம்பெனி பஸ், கேப், ஷேர் ஆட்டோ, பைக் என எல்லாமே ஒரே சாலையில் குவிந்தன. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ பாதைக்கான பணி, இவ்வளவு ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்கியது. வேலையும் வீடும் முந்திக்கொள்ள, பயண வசதி கடைசியில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சாலையின் நெரிசலே சாட்சி.

தள்ளிப் போனால் மிச்சமா?

நகரத்துக்கு நடுவே வாடகை அதிகம். வெளியே போகப் போகக் குறைவு. அப்படின்னா வெளியே போவதுதானே லாபம்? உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் 15,000 ரூபாய் வாடகையில் இருக்கிறார். போக அரை மணி நேரம், வர அரை மணி நேரம். 9,000 ரூபாய்க்கு வீடு கிடைக்கிறது என்று தள்ளிப் போகிறார். மாதம் 6,000 ரூபாய் மிச்சம். ஆனால், பயணச் செலவு 2,000 ரூபாய் கூடுகிறது. ஆக, உண்மையான மிச்சம் 4,000 ரூபாய். இப்போது போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். தினமும் கூடுதலாக 2 மணி நேரம். 25 வேலை நாட்களுக்கு 50 மணி நேரம். அதாவது, தன்னுடைய ஒரு மணி நேரத்தை அவர் 80 ரூபாய்க்கு விற்கிறார்.

அவர் ஒருவர் மட்டும் சம்பாதித்தால் கணக்கு இதோடு முடிந்துவிடும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடாக இருந்தால்? பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஒருவர் சீக்கிரம் வீடு திரும்ப வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது பெண்தான். பயண நேரம் கட்டுப்படியாகாமல் அவர் வேலையை விட்டால், மிச்சமான 4,000 ரூபாய்க்குப் பதிலாக ஒரு சம்பளமே போய்விடுகிறது.

வீடு கிடைத்தது, வேலை போனது

மேலே சொன்னவராவது தானே முடிவெடுத்துத் தள்ளிப் போகிறார். அந்த வாய்ப்பும் இல்லாதவர்களுக்குத்தான் பெரிய அடி. கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்தின் மற்ற பகுதிகளிலும் குடிசைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே அனுப்பப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்குப் போனவர்கள் நிறைய. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் அதிகமான வீடுகள் இருக்கின்றன.

கான்கிரீட் கூரை, சொந்தக் கழிப்பறை, வீட்டுக்கு ஒரு முகவரி எல்லாம் கிடைத்தன. ஆனால், வீட்டு வேலை செய்கிற ஒரு பெண்ணின் பிழைப்பு எப்படி நடக்கிறது? காலையில் இரண்டு வீடு, சாயங்காலம் இரண்டு வீடு. நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தால்தான் இடையில் வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டுத் திரும்ப முடியும். ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு நடைதான். நாலு வீடு ரெண்டு வீடாகிவிடும். மீன் விற்பவர், பூக்கடை வைத்திருப்பவர், சந்தையில் மூட்டை தூக்குபவர் என எல்லோருக்கும் இதே கதைதான். விடியற்காலையில் அவர்கள் வேலையிடத்தில் இருக்க வேண்டும். முதல் பஸ் அவர்களுக்காகக் காத்திருக்காது.

"பக்கத்திலேயே ஐ.டி. கம்பெனிகள் இருக்கே, அங்கே வேலை கிடைக்காதா?" என்று கேட்கலாம். கிடைக்கிறது. பெரும்பாலும் ஹவுஸ் கீப்பிங், செக்யூரிட்டி வேலைகள். ஆனால், மற்ற வேலைகளுக்கு வேறு படிப்பு வேண்டும். அதோடு, முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள் என்பது கண்ணகி நகர் மக்களின் நீண்டநாள் வேதனை. தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டும் இல்லை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

வேலை இருக்கும் இடமும், அது தேவைப்படுபவர் வாழும் இடமும் பொருந்தாமல் போவதை 1968-லேயே அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜான் கெயின் சுட்டிக்காட்டினார். சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களில் வேலைகள் புறநகருக்கு நகர்ந்தன; இனப் பாகுபாட்டால் கறுப்பின மக்கள் அங்கே குடியேற முடியவில்லை. அங்கே வேலை வெளியே போனது, ஆட்கள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். சென்னையில் ஆட்களை வெளியே அனுப்பினார்கள், அவர்களுடைய வேலை உள்ளேயே இருந்துவிட்டது. விளைவு ஒன்றுதான்.

இந்தியாவிலேயே ஒரு சான்று உண்டு. 1987-ல் அகமதாபாத்தில் குடிசைப் பகுதி மக்களுக்குக் குலுக்கல் முறையில் நகர எல்லையில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. 14 ஆண்டுகள் கழித்து என்ன ஆனார்கள் என்று ரோகிணி பாண்டே உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். வீடு கிடைத்தவர்களில் 34 சதவீதம் பேர் அங்கே குடிபோகவே இல்லை. 32 சதவீதம் பேர் போய்விட்டு வெளியேறினார்கள். வீட்டின் தரம் உயர்ந்தது. ஆனால், குலுக்கலில் வீடு கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் குடும்ப வருமானத்தில் மாற்றமே இல்லை. அவசரத்துக்குக் கைமாத்து கொடுக்கிற சொந்தபந்தங்களும் தூரமாகிவிட்டன.

பஸ் இலவசம்... பிரச்சினை தீர்ந்ததா?

2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண அரசு பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். புறநகரிலிருந்து வேலைக்கு வருகிற பெண்களுக்கு இது நேரடி வருமானம். ஆனால், டிக்கெட் காசைத்தான் இது மிச்சப்படுத்தும், நேரத்தை அல்ல. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமும் நெரிசலில் நிற்கும் நேரமும் அப்படியே இருக்கின்றன. அதற்கு அடிக்கடி பஸ் வர வேண்டும், அதிகாலையிலேயே வர வேண்டும்.

மெட்ரோ வந்தால்? பயண நேரம் குறையும். ஆனால், ஸ்டேஷன் பக்கம் வாடகை ஏறும். வாடகை தாங்காதவர்கள் மறுபடியும் தள்ளிப் போவார்கள். அதனால்தான் மெட்ரோ நிலையங்களுக்கு அருகே குறைந்த வாடகை வீடுகளும் வேண்டும் என்று சொல்லப்படுகிறது.

என்னதான் வழி?

வழிகள் மூன்று. வேலை இருக்கும் இடத்துக்கு வீட்டைக் கொண்டுபோகலாம். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது இதற்கு உதாரணம். ஆனால், அது தங்கும் விடுதி. குடும்பத்தோடு வாழ்பவர்களுக்கு அது போதாது. இரண்டாவது, குடிசைப் பகுதி மக்களுக்கு அதே இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தரலாம். மூன்றாவது, வெளியே அனுப்புவதைத் தவிர்க்கவே முடியாது என்றால், சாவி கொடுப்பதற்கு முன்பே பஸ்ஸும் பள்ளியும் அங்கே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வீட்டுவசதித் திட்டம் அறிவிக்கப்படும்போதும் எத்தனை வீடு, எத்தனை கோடி என்ற எண்கள் சொல்லப்படுகின்றன. குடிபோகிறவர்களின் வேலை எங்கே இருக்கிறது, அங்கிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் கணக்கு முழுமையாகும்.