வரையப்படும் குழந்தை: கன்னமும் உழைப்பும்

அனிமேஷன் படத்தில் குழந்தை பிறப்பதில்லை, தீர்மானிக்கப்படுகிறது. நடிக்க வரும் குழந்தையிடம் இயக்குநர் கேட்காத ஒரு தெத்துப்பல்லோ தழும்போ இருக்கலாம். வரைபடத்தில் அப்படி எதுவும் தற்செயலாக நுழைந்துவிட முடியாது. தலை எவ்வளவு பெரிசு, தோல் என்ன நிறம், காலில் செருப்பு உண்டா என்ற ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் சம்மதம் சொல்லியிருக்கிறார். ஆகவே ஐந்து நிமிடக் குறும்படத்துக்கு ஒரு குழந்தைப் பாத்திரத்தை வடிவமைப்பது ஓவியரின் கைவேலையோடு முடிந்துபோகிற காரியமல்ல. 'குழந்தை' என்று நாம் எதை அங்கீகரிக்கிறோம் என்பது பற்றிய சொல்லாடல் அது. பிரச்சாரக் குறும்படங்களுக்குக் கதை எழுதும் நண்பர்கள் கதையோடு நின்றுவிடுகிறார்கள். அரசியலில் பாதி அதற்குப் பிறகுதான் நடக்கிறது.

1

முதலில் அளவு. வளர்ந்த மனித உடல் சுமார் ஏழரைத் தலை உயரம். பிறந்த சிசு நான்கு தலை. ஆறு வயதுப் பிள்ளை ஐந்து, ஐந்தரை இருக்கும். கார்ட்டூன் குழந்தையோ பெரும்பாலும் இரண்டரை அல்லது மூன்று தலைதான். அதாவது பள்ளிக்கூடம் போகிற பெண், சிசுவைவிடச் சிசுவாக வரையப்படுகிறாள்.

காரணம் இல்லாமல் இல்லை. பெரிய தலை, உயர்ந்த நெற்றி, கீழிறங்கிய பெரிய கண், உப்பிய கன்னம், குட்டைக் கைகால் இவையெல்லாம் சேர்ந்தால் பார்ப்பவரிடம் பராமரிக்கும் உணர்வு தூண்டப்படுகிறது என்று கொன்ராட் லாரன்ஸ் 1943இல் எழுதினார். ஸ்டீபன் ஜே கூல்ட் 1979இல் இதை மிக்கி மவுஸுக்குப் பொருத்திக் காட்டினார். ஆரம்பத்தில் போக்கிரியாக இருந்த மிக்கி நாகரிகமான பிள்ளையாக மாற மாற, அவனுடைய தலையும் கண்ணும் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கின்றன.

சரி, கண்ணு பெரிசா இருந்தா என்ன குடிமுழுகிப்போச்சு என்று கேட்கலாம். பெரிய கண் பார்ப்பதற்காக வரையப்படுவதில்லை, பார்க்கப்படுவதற்காக வரையப்படுகிறது. அந்தக் குழந்தை நம் இரக்கத்தைக் கோருகிறது. நம்மை விசாரிப்பதில்லை.

2

அடுத்தது காசு. சினிமாவில் நொடிக்கு 24 சட்டகம். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு வைத்தாலும் நொடிக்கு 12 வரைபடம். ஐந்து நிமிடத்துக்கு 3600. பாவாடையில் கட்டம் போட்டால் அந்தக் கட்டத்தை அத்தனை தடவையும் போட்டாக வேண்டும். எனவே 'மாடல் ஷீட்' தயாராகும்போதே கோடுகள் கழிக்கப்படுகின்றன. ஒரே பாத்திரத்தை முன், பக்கவாட்டு, பின் தோற்றங்களிலும் பல முகபாவங்களிலும் வரைந்து, எத்தனை கைகள் வரைந்தாலும் ஒரே பிள்ளையாக வரும்படி செய்கிற தாள் அது. இன்று கணினியில் மூட்டுகளைப் பிணைத்துப் பொம்மலாட்டம் போல அசைக்கிறார்கள். இருந்தும் கிழிசலும் கலைந்த தலைமுடியும் செலவுதான். முதலில் போவது வறுமையின் விவரங்கள். மிஞ்சுவது முழங்காலில் ஒரு ஒட்டு. அதுவும் அலங்காரமாகிவிடுகிறது.

3

இதன் சிக்கலைப் புரிந்துகொள்ள மீனாவைப் பார்க்கலாம். 1990களின் தொடக்கத்தில் தெற்காசியாவுக்காக யூனிசெஃப் உருவாக்கிய ஒன்பது வயதுப் பெண். இந்திய அனிமேஷனின் முன்னோடிகளில் ஒருவரான ராம் மோகன் அதில் முக்கியப் பங்காற்றினார். வங்கதேசம், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நான்கு நாட்டுக் கிராமங்களிலும் அந்நியமாகப் படாத பெயர், உடை, முகம் வேண்டியிருந்தது. எல்லா ஊருக்கும் பொருந்தும் பெண் எந்த ஊர்க்காரியாகவும் இருக்க முடியாது. மதமும் சாதியும் தெரியாத உடல் அவளுக்கு.

ஒரு கதையில் மாம்பழத்தின் பெரிய பங்கு தம்பி ராஜுவுக்குப் போகிறது. இருவரும் ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். அவள் படும் பாடு அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது. ஆனால் மீனாவின் கன்னம் ராஜுவின் கன்னத்தைப் போலவே உப்பியிருக்கிறது. பாரபட்சம் கதையில் இருக்கிறது, உடலில் இல்லை. இதைக் குறையாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவளை ஒட்டிய வயிறோடு வரைந்திருந்தால் அவள் பரிதாபச் சுவரொட்டியாகியிருப்பாள். தன்னைப் போல ஒருத்தி என்று எந்தச் சிறுமியும் அவளோடு சேர்ந்துகொண்டிருக்க மாட்டாள். மீனாவின் உடல் இருக்கிற பெண்ணைக் காட்டுவதல்ல, இருக்க வேண்டிய பெண்ணைக் காட்டுவது. அந்தத் தேர்வுக்கு நியாயமும் உண்டு, விலையும் உண்டு.

4

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்குப் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வருகிறது. பத்துப் பருவங்களும் ஒரு மாடல் ஷீட்தான். ஆனால் அது கண்ணையும் கன்னத்தையும் அடிப்படையாக வைக்கவில்லை, அசைவை வைத்தது. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலைநிமிர்த்தி ஆடினால் செங்கீரை. கைகொட்டினால் சப்பாணி. எட்டு வைத்து வந்தால் வருகை. இது அற்புதமான வடிவமைப்பு முறை. ஆனால் அங்கே குழந்தையாவது யார்? தெய்வம், அரசன், புரவலர், ஆச்சாரியர். கடைசி மூன்று பருவங்களில் ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். வேலை செய்யும் பிள்ளைக்குப் பருவம் கிடையாது. முறையை எடுத்துக்கொண்டு நாயகரை மாற்ற முடியுமா என்பதே என் கேள்வி.

5

செங்கல் சூளைப் பிள்ளைகளைப் பற்றி நண்பர்கள் சிலர் திட்டமிட்ட ஒரு சிறு படத்தின் கதை விவாதத்தில் கலந்துகொண்டேன். முதலில் வரைந்து வந்த சிறுமிக்கு முகத்தில் பாதி கண். "இது அழுறதுக்குன்னே செஞ்ச முகமா இருக்கே" என்றேன். அவள் சூளையில் என்ன செய்கிறாள் என்று ஓவியர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் வேலை சரியாகத் தொடங்கியது. பச்சைக்கல்லைத் திருப்பிப்போட்டுக் காயவைக்கும் வேலை சிறுவர்களிடம் வரக் காரணம் அவர்களுடைய எடைதான். கல்மேல் நடந்தாலும் நசுங்காது. குந்தியபடியே நகர்வது, நீண்ட முன்கை, தரையை விட்டு அகலாத பார்வை என்று உடல் வேலையிலிருந்து வளர்ந்தது. வரிசை முடிந்ததும் அவள் எழுந்து நிற்கிறாள். அப்போதுதான் உயரம் தெரிகிறது. கண்ணைச் சிறிதாக்கினோம். அவள் சட்டென்று நிமிர்ந்து பார்க்கும் ஒரே இடம் கனத்துவிட்டது.

இன்னொரு வழி குரல். ஜான் ஹப்ளியும் ஃபெய்த் ஹப்ளியும் 1959இல் எடுத்த 'மூன்பேர்ட்' படத்தில், தங்கள் இரண்டு மகன்கள் விளையாடும்போது பதிவுசெய்த பேச்சைக் கொண்டே படத்தை அமைத்தார்கள். பிள்ளைகள் பின்னணி ஊடுருவித் தெரியும் உருவங்களாக இரவில் அலைகிறார்கள். பெரியவர் எழுதிய வசனத்துக்குக் குழந்தை வாயசைக்கவில்லை. குழந்தையின் திக்கலுக்கும் முணுமுணுப்புக்கும் பெரியவரின் கோடு பணிந்துபோனது.

ஆக, எழுதுபவர்கள் ஓவியரிடம் கதையை மட்டும் கொடுத்தால் போதாது. அந்தப் பிள்ளை எதைத் தூக்குகிறது, எப்படி உட்காருகிறது, யார் வந்தால் எழுந்து நிற்கிறது என்பதையும் கொடுக்க வேண்டும். வரைந்தபின் முதலில் காட்ட வேண்டியது நன்கொடையாளருக்கு அல்ல, சூளைப் பிள்ளைகளுக்கு. "இது யாரு?" என்று அவர்கள் கேட்டால் மறுபடி வரைய வேண்டியதுதான்.