வால்வில் பழுது, சிறுநீரகத்தில் பாதிப்பு

கால் வீங்கியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கூடுதலாகக் காட்டுகிறது. "கிட்னியில் உப்பு ஏறிவிட்டது" என்றதும் டயாலிசிஸ் வரை யோசித்து வீடே கலங்கிப்போகிறது. ஆனால் சிலருக்குக் கோளாறு தொடங்கிய இடம் சிறுநீரகம் அல்ல, இதய வால்வு. அதைக் கண்டறியாமல் சிறுநீரகத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் இரண்டுமே கெடும்.

ரத்த ஓட்டம் எப்படிக் கெடுகிறது?

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து சுமார் 300 கிராம்தான் எடை. ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 லிட்டர், அவற்றுக்குப் போகிறது. அந்த ஓட்டமும் அழுத்தமும் இருந்தால்தான் ரத்தம் ஒழுங்காக வடிகட்டப்படும்.

பெருந்தமனி வால்வோ மைட்ரல் வால்வோ மிகவும் சுருங்கிவிட்டால் உடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. உடலில் நீர் வற்றிவிட்டதாக எடுத்துக்கொள்ளும் சிறுநீரகம் ரெனின் என்ற சுரப்பைச் சுரக்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. உப்பும் நீரும் வெளியேறாமல் தங்குகின்றன. ஏற்கெனவே திணறும் இதயத்துக்கு இது கூடுதல் சுமை.

அதிகம் பேசப்படாத இன்னொரு வழி, பின்தேக்கம். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களிடம் இதைப் பார்க்கலாம். நாளாக ஆக நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடி, இதயத்தின் வலப்பக்க வால்வு கசியத் தொடங்கும். வடிகால் அடைத்த வயலில் தண்ணீர் நிற்பதுபோல ரத்தம் சிரைகளில் தேங்கும். சிறுநீரகச் சிரையிலும் அழுத்தம் ஏறுவதால் வடிகட்டும் வேலை தளர்கிறது. பி.பி. சரியாக இருந்தும் சிலருக்குக் கிரியேட்டினின் ஏறுவது இதனால்தான்.

எதைக் கவனிக்க வேண்டும்?

மாலையில் கால் வீக்கம், படியேறினால் மூச்சிரைப்பு, மல்லாந்து படுத்தால் மூச்சுத்திணறல், பகலில் சிறுநீர் குறைந்து இரவில் அடிக்கடி போவது, மூன்று நாளில் 2 கிலோ எடை கூடுவது: இவற்றில் எது இருந்தாலும் கிரியேட்டினின், சிறுநீர்ப் பரிசோதனையோடு எக்கோ என்ற இதய ஸ்கேனும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வால்வு நோயாளிக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வால்வில் கிருமி தொற்றினால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

எதைத் தவிர்க்க வேண்டும்?

மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை மேலும் குறைக்கும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் அதிகம்; இளநீரிலும் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கலாம். நீர் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. சாயம் செலுத்தி எடுக்கும் ஸ்கேனுக்கும் ஆஞ்சியோவுக்கும் முன்பு கிரியேட்டினின் அளவைக் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் உரிமைகள்

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்; வால்வு அறுவை சிகிச்சையும் அதில் அடங்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் விண்ணப்பிக்கலாம். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.

சிகிச்சையின் பலன், ஆபத்து, மாற்றுவழி மூன்றையும் புரியும்படி கேட்டறிந்த பிறகு கையெழுத்துப் போடுவது நோயாளியின் உரிமை. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் சேவையில் குறைபாடு இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

தேக்கத்தால் தளர்ந்த சிறுநீரகம், தேக்கம் நீங்கினால் தேறவும் கூடும். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால் தழும்பேறி, வால்வைச் சரிசெய்த பிறகும் மீளாமல் போகலாம். ஆகவே இதய மருத்துவரிடம் சிறுநீரக அறிக்கையையும், சிறுநீரக மருத்துவரிடம் எக்கோ அறிக்கையையும் காட்டுங்கள். "வால்வை எப்போது சரிசெய்ய வேண்டும்?" என்று இருவரிடமும் கேளுங்கள். தயங்க வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை.