ஏட்டில் இல்லாத காதல்

வில்லியனூர், பாகூர் முதலிய புதுச்சேரிக் கொம்யூன்களைச் சேர்ந்த சிற்றூர்களில் திரௌபதி அம்மனுக்குத் திருவிழா நடைபெறுங்கால், பாரதம் இருமுறை சொல்லப்படும் என்பதை நேயர்களிற் பலர் அறிவார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாட்டும் உரையுமாக விரித்துச் சொல்வார். இரவில் அதே பாரதம் தெருக்கூத்தாக நடக்கும். பகலில் பந்தலில் அமர்ந்து கேட்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். இரவில் பாய் விரித்து அமர்வது ஊர் முழுவதும். இரண்டும் ஒரே கதைதான் என்று தோன்றும். ஆயினும் உற்று நோக்குவார்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். பகற்பாரதம் ஏட்டில் உள்ளதைச் சொல்வது. இராப்பாரதம் ஏட்டில் இல்லாததையும் சேர்த்துச் சொல்வது. அவ்வாறு சேர்க்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி எது என்று பார்த்தால், அது காதலாகவே இருக்கிறது.

கர்ணனை எடுத்துக்கொள்வோம். அவனுடைய கொடையையும் நட்பையும் போரையும் விரிவாகச் சொன்ன வியாசர், அவனுடைய இல்லறத்தைப் பற்றி மிகுதியாகப் பேசவில்லை. கூத்து அந்த வெற்றிடத்தை விடவில்லை. பொன்னுருவி என்றொரு மனைவியை அவனுக்குத் தந்தது. தந்ததோடு நில்லாமல், குலத்தில் தாழ்ந்தவன் என்று கணவனை இகழ்பவளாகவும் அவளைப் படைத்தது. கர்ணன் இறுதிப் போருக்குப் புறப்படுமுன் அவளிடம் விடைபெற வருகிறான். அவனுடைய பிறப்பின் உண்மை அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. வெறுப்புக் கரைந்து அன்பாகும்போது அவனுக்கு நேரம் இல்லை. கர்ண மோட்சம் என்னும் அக்கூத்தில் மக்கள் கண்ணீர் விடும் இடம் போர்க்களத்தைவிட இந்த வாயிற்படியேயாகும். பாரதத்தைக் கேட்ட மக்கள், 'அவன் வீட்டில் என்ன நடந்தது?' என்று கேட்டார்கள். விடை கிடைக்காமற் போகவே, தாங்களே சொல்லிக்கொண்டார்கள்.

அருச்சுனன் கதையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அவன் தீர்த்த யாத்திரையில் மணந்த சித்திராங்கதையைப் பாண்டியன் மகளாகவே தமிழ்ப் பாரதம் பேசுகிறது. மக்கள் அதனினும் ஒருபடி மேற்சென்று, மதுரையில் அல்லி என்றோர் அரசியை அமர்த்தினார்கள். ஆண்வாடையே வேண்டாம் என்று தன்னந்தனியாக ஆண்டவள் அவள். புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லி அரசாணி மாலை, பெரிய எழுத்துப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்று, வீட்டுப் பெண்கள் கூடியிருந்து படிக்கும் நூலாயிற்று. 'அல்லி ராஜ்யம்' என்ற தொடர் இன்றும் நம் வாய்ச்சொல்லில் இருக்கிறது. அவள் உறங்கும்போது அருச்சுனன் சூழ்ச்சியாகத் தாலி கட்டுவது இக்காலத்து நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அல்லியும் அதை வாளாவிருந்து ஏற்றுக்கொள்பவள் அல்லள், போருக்கே எழுகிறாள். அவளுக்குப் பின் பவளக்கொடி வந்தாள். 1934ஆம் ஆண்டில் எம். கே. தியாகராஜ பாகவதர் முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் அந்தப் பவளக்கொடி கதையில்தான்.

பிறர் படைத்த பாத்திரங்களை எடுத்து, மூலக்கதை சொல்லாத காதலை அவர்களுக்குள் அமைத்துப் பார்க்கும் இந்த வழக்கத்திற்கு மேனாட்டார் இக்காலத்தில் 'இரசிகர் புனைகதை' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அவர்களிடத்தில் அது செழித்த விளைநிலம் புராணமன்று, விஞ்ஞானக் கதை. அதன் வரலாறு சுவையானது. நம் கூத்தை நாமே புதிதாகப் பார்ப்பதற்கும் துணை செய்வது. ஆதலால் அதைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும்.

1966ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற தொடர் தொடங்கியது. விண்மீன்களிடையே செல்லும் எண்டர்பிரைஸ் என்னும் கப்பலும் அதன் மாலுமிகளும் அதன் பொருள். கப்பலின் தலைவர் கிர்க். துணிச்சலும் உணர்ச்சியும் மிக்கவர். அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் ஸ்பாக். தந்தை வல்கன் என்னும் வேற்றுலகத்தவர். தாய் நம் மண்ணுலகப் பெண். வல்கன்கள் உணர்ச்சியை அடக்கி அறிவு ஒன்றையே கொண்டு வாழ்பவர்கள். தாய்வழி வந்த நெஞ்சும் தந்தைவழி வந்த கட்டுப்பாடும் ஒரே உடம்பில் போராட, அதை முகத்தில் காட்டாமல் நிற்கும் அந்தப் பாத்திரத்திடம் இரசிகர்கள் மனத்தைப் பறிகொடுத்தனர். தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது இரசிகர்கள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். எனினும் எழுபத்தொன்பது பகுதிகளோடு 1969இல் அது நின்றுபோயிற்று.

திரையில் நின்றது தாளில் நிற்கவில்லை. 1967ஆம் ஆண்டிலேயே 'ஸ்பாக்கனேலியா' என்னும் இரசிகர் ஏடு தோன்றிவிட்டது. நம் ஊரில் சங்கத்தார் சுற்றறிக்கையைச் சைக்ளோஸ்டைல் எடுப்பதுபோல உருளையில் மை தடவி, பிரதி எடுத்து, தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். எழுதியவர்களும் படித்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். அவற்றுள் ஒரு சாரார் கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் இடையேயுள்ள நட்பைக் காதலாகவே கண்டு எழுதத் தலைப்பட்டனர். 1974இல் 'க்ரப்' என்னும் ஏட்டின் மூன்றாம் இதழில் வெளிவந்த ஒரு சிறுகதையை இவ்வகைக்கு முதலாவதாகச் சொல்வர். அதில் இருவர் பெயரும் இல்லை. எழுதிய அம்மையார் பெயரைச் சொல்லத் துணியவில்லை போலும். படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. பின்னாளில் இரு பெயர்களின் முதலெழுத்துகளுக்கிடையே ஒரு சாய்கோடு இட்டு இக்கதைகளைக் குறித்தனர். அந்தக் கோட்டின் ஆங்கிலப் பெயரே ஓர் இலக்கிய வகையின் பெயராயிற்று.

இரண்டு ஆண்மக்களின் காதலைப் பெண்கள் ஏன் எழுதினார்கள் என்ற வினா எழுவது இயல்பே. விஞ்ஞானக் கதை எழுத்தாளரான ஜோயன்னா ரஸ் அம்மையார் 1985இல் இதைப்பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். தொடரில் வந்த பெண் பாத்திரங்களுக்குச் செய்வதற்கு அதிகம் இல்லை. வீரமும் கடமையும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் இருவரைத் தேடினால் அங்கே இருந்தவர்கள் இந்த இருவரே. ஒருவர் மற்றவருக்கு அடிமையாகாத அன்பு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்க அப்பெண்களுக்கு இவ்வுருவங்களே கருவியாயின என்பது அவ்வழிச் செல்லும் விளக்கம். எனக்கு அது பெரும்பாலும் பொருத்தமாகவே படுகிறது. நம் பெண்கள் அல்லியைப் படித்தது எதற்காக என்று எண்ணும்போது இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

இனி ஒரு மறுப்பு. பிறர் படைத்த பாத்திரத்தை எடுத்தாள்வது களவன்றோ? படைத்தவர் எண்ணாத ஒன்றை அதன்மேல் ஏற்றுவது மாசுபடுத்துவதன்றோ? இந்த அச்சம் வெறும் அச்சமன்று. அக்கதைகளை எழுதியவர்களிற் பலர் புனைபெயருக்குள் மறைந்திருந்தனர். 1981இல் 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் உரிமையாளரான லூகாஸ்பிலிம் நிறுவனத்தார், தம் பாத்திரங்களை வைத்துச் சிற்றின்பக் கதைகள் வெளியிடலாகாது என்று இரசிகர் ஏடுகளுக்குக் கடிதம் எழுதினர். இக்கதைகளுள் பல சாதாரணமானவை, சில படிக்கத் தகாதவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பத்துக் கூத்தில் எட்டுக் கூத்து விடியற்காலையில் தூக்கத்தையே தருவதும் உண்மைதானே!

ஆனால் இந்த மறுப்பைப் பாகூரில் நின்றுகொண்டு சொல்லுவது எளிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் பாகூரில் ஒரு வித்தியாஸ்தானம், அதாவது கல்லூரி, இருந்தது. அதன் செலவுக்கு மூன்று ஊர்கள் விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. பதினான்கு வித்தைகள் பயின்ற அந்தப் பண்டிதர்கள் ஏட்டின் ஓர் எழுத்தும் பிறழக்கூடாது என்றே கருதியிருப்பார்கள். அந்த நிருபதுங்கனுடைய தந்தை மூன்றாம் நந்திவர்மன். அவன் நாளில்தான் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார். வியாசர் பாரதத்தில் இல்லாத அரவான் களப்பலி தமிழ் நூலில் நமக்கு முதன்முதற் காணக் கிடைப்பது அந்த வெண்பாவிலேயாகும். ஆகவே, ஏட்டில் இல்லாததைச் சேர்ப்பது கூத்தர்கள் மட்டும் செய்த வேலையன்று. ஏடே அவ்வாறு வளர்ந்ததுதான். அண்மைக் காலத்திற்கு வந்தால், கல்கி 1954இல் பொன்னியின் செல்வனை முடித்த பின்னர், அதன் மாந்தரைத் தொடர்ந்து நடத்தி விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அதைக் களவு என்று யாரும் சொல்லவில்லை.

அரவானைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். வியாசர் கூறும் இராவான் அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். எட்டாம் நாட் போரில் அரக்கன் அலம்புசனால் மடிகிறான். அவ்வளவே அவன் கதை. தமிழ்நாட்டார் அவனைப் பாண்டவர் வெற்றிக்காகத் தன்னையே பலியாகக் கொடுப்பவனாக்கினர். கூத்தாண்டவர் வழிபாட்டில் இன்னும் ஒரு படி வளர்ந்தது. மணமாகாமல் இறக்க அரவான் விரும்பவில்லை. மறுநாள் சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுப்பார் யார்? கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான். ஓர் இரவு கணவனும் மனைவியுமாக இருந்தனர். விடிந்ததும் மோகினி கைம்பெண்ணாகிப் புலம்பினாள்.

ஸ்டார் ட்ரெக் தொடரில், தியோடர் ஸ்டர்ஜன் எழுதி 1967 செப்டம்பரில் ஒளிபரப்பாகிய பகுதி ஒன்று உண்டு. வல்கன்களுக்கு ஒரு பருவம் வரும். அப்போது தாயகம் சென்று மணவினை முடிக்காவிடில் உயிர் போய்விடும். ஸ்பாக்குக்கு அந்த நிலை வருகிறது. கிர்க் மேலிடத்து ஆணையை மீறிக் கப்பலை அங்கே செலுத்துகிறார். சடங்கில் இருவருமே ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட நேர்கிறது. தன் கையால் கிர்க் இறந்தார் என்று நம்பிக் கப்பலுக்குத் திரும்பிய ஸ்பாக், அவரை உயிருடன் கண்டதும் ஒரு கணம் முகம் மலர்ந்து சிரித்துவிடுகிறார். இரசிகைகள் திரும்பத் திரும்ப எழுதியது இந்தக் கணத்தைச் சுற்றியே. மணமின்றேல் மரணம் என்ற நிலை, நட்புக்கும் காதலுக்கும் இடையே நிற்கும் இருவர், சொல்லாமல் விட்ட ஒன்று என்று இரு கதைகளும் இத்துணை நெருங்கி வருகின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்ததன்று.

அமெரிக்க இரசிகைகளின் கதை தாளில் இருந்தது. அரவானின் கதை உடம்பில் ஏறிக்கொண்டது. விழுப்புரத்துக்கு அப்பால் கூவாகத்தில், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, திருநங்கையர் மோகினியாகத் தம்மைக் கருதி அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கின்றனர். புதுச்சேரியைச் சேர்ந்த பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் விழா நடைபெறுகிறது. ஆணுமன்று பெண்ணுமன்று என்று வீட்டார் வெளியேற்றிய ஒருவர், பாரதம் முழுவதும் தேடினாலும் தமக்கென ஓரிடம் காண்பது அரிது. சிகண்டியும் பிருகன்னளையும் பிறர் காரியத்துக்காக வந்துபோகிறவர்கள். மோகினியின் அந்த ஓர் இரவில் மட்டும் அவர்கள் மணமகளாக நிற்கிறார்கள். உச்சநீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினத்தவராக ஏற்றது 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள். ஒருபாற்காதல் குற்றமன்று என்று தீர்ப்பளித்தது 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள். அத்தீர்ப்புகளுக்கு வெகுகாலம் முன்பே கூத்தாண்டவர் கோயில் பூசாரி தாலி எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஊர்க் குடியானவர்களிலும் பிரார்த்தனைக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் ஆண்கள் உண்டு. அதைக் கண்டு அங்கே யாரும் நகைப்பதில்லை.

மறுநாள் தேர் புறப்படும். களப்பலி முடிந்ததும் பூசாரி தாலிகளை ஒவ்வொன்றாக அறுப்பார். வளையல்கள் உடையும், பூக்கள் எறியப்படும். வெள்ளைப் புடவை உடுத்தி, மார்பில் அடித்துக்கொண்டு அழுது முடித்து, அவர்கள் தத்தம் ஊருக்குப் பேருந்து ஏறுவார்கள்.